பக்கத்து மேசைக்குப் போன கிண்ணம்

அத்தியாயம் 14

வித்தியா வேலை செய்யும் உணவகம் சனிக்கிழமைகளில் பூட்டியிருக்கும். அந்தச் சனிக்கிழமை முழுவதும் அவள் வீட்டில் இருந்து ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து மாதமாகப் பேசாத தாயை எந்த மேசையில் உட்கார வைப்பது?

கடைசியில் ஏழாம் இலக்கம் என்று முடிவு செய்தாள். ஜன்னலோரம். மிஷன் பே கடற்கரை முழுவதும் தெரியும், அதற்கப்பால் ரங்கிடோட்டோ மலை. ஞாயிறு காலையில் உணவகத்துக்கு வந்ததும் பதிவுப் புத்தகத்தில் 'அம்மா' என்று எழுதக் கை வரவில்லை. 'பிரதாபன், இரண்டு பேர், பன்னிரண்டரை' என்று அண்ணன் பெயரைத்தான் எழுதினாள்.

ஜனவரியில் நடந்ததை இந்த வீட்டார் யாரும் மறக்கவில்லை. வித்தியாவின் கணவன் ராகேஷ், வேலை போனதை ஐந்து மாதம் மறைத்து, தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு ஆல்பனி மாலில் போய் உட்கார்ந்திருந்தான். அதை அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. பொங்கலன்று, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவன் பெற்றோரும் தன் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேசையில் அதைப் போட்டு உடைத்தாள். அந்த வாரமே ராகேஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

தாய் யோகராணி அன்றைக்கு ஒரு வார்த்தைதான் சொன்னாள். "உண்மை சொன்னாய். இனி அதோடயே இரு."

அதற்குப் பிறகு பேச்சில்லை. மகள் பார்மசி வேலையை விட்டுவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் மனேஜராகச் சேர்ந்தது இரண்டாவது குற்றம். பபகூராவில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, "படிச்ச பிள்ளை எச்சில் கோப்பை தூக்குது" என்று யோகராணி சொன்னது சுற்றிச் சுற்றி வித்தியாவின் காதுக்கும் வந்தது.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு வர ஏன் சம்மதித்தாள்? பிரதாபனுக்கே விளங்கவில்லை. "கேட்டன், ஓம் எண்டவ. நானும் பிறகு ஒண்டும் கேக்கேல்லை" என்றான் போனில்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்கள்.

"வாங்கோ அம்மா."

யோகராணி மகளை மேலிருந்து கீழே பார்த்தாள். மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள், காதில் நல்ல தோடு. மகளைப் பார்க்க வருவதற்கென்று உடுத்தியிருக்கிறாள் என்பது வித்தியாவுக்குத் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தெரிந்தது.

"என்ன, கறுப்பு உடுப்பு?"

"இஞ்ச வேலை செய்யிற எல்லாருக்கும் இதுதான்."

"செத்தவீட்டில நிக்கிறவை மாதிரிக் கிடக்கு."

பிரதாபன் தேவைக்கு அதிகமாகச் சிரித்தான். "பார்க்கிங் தேடி இருபது நிமிசம் சுத்தினனாங்கள். மீன் திங்க வந்து பெற்றோலைத் திண்டாச்சு."

வித்தியா நாற்காலியை இழுத்து விட்டாள். யோகராணி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். மெனுவைத் தொடவில்லை. "கண்ணாடி கொண்டு வரேல்லை. நீயே ஏதும் சொல்லு."

"ஸ்னாப்பர் சொல்லட்டே அம்மா? காலமை வந்த மீன். அம்மா, இது யூத ஆக்களின்ர சட்டப்படி நடக்கிற இடம். இஞ்ச என்னெண்டால்…"

"பிரதாபன் சொன்னவன். இறைச்சி இல்லை, மீன் மட்டும். விளங்கிட்டுது." யோகராணி கையை உயர்த்தி நிறுத்தினாள். "உந்த விளக்கமெல்லாம் காசு குடுத்துச் சாப்பிட வாற ஆக்களுக்குச் சொல்லு. எனக்கு வேண்டாம்."

வித்தியா நிறுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கக் கூடாது.

இந்த வேலை அவளுக்கு ஏன் பிடித்தது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் டோவைப் பற்றிச் சொல்லியிருப்பாள். டோவ் உணவகத்தின் மேற்பார்வையாளன். சமையல்காரன் அல்ல. யூத சமயச் சட்டத்துக்கு மாறாக ஒன்றும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவனுக்கு வேலை. காலையில் அடுப்பை அவன் கையால்தான் மூட்ட வேண்டும். ஒவ்வொரு மீனையும் செதிலோடு அவனுக்குக் காட்டிய பிறகுதான் கத்தி வைக்கலாம். கீரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இலை இலையாகப் பார்ப்பான். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வித்தியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எதையும் மறைக்க முடியாத ஒரு இடம். ஐந்து மாதம் அந்த டையைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்னாப்பர் வந்தது. யோகராணி முள்ளை ஒதுக்கி ஒரு துண்டை வாயில் வைத்தாள். வித்தியா தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் பக்கத்தில் நின்றாள்.

"மீன் நல்ல மீன்," என்றாள் யோகராணி. "ஆனா சமைச்சவனுக்கு உப்பு எண்டா பயம் போல."

பத்து மாதத்தில் கேட்ட முதல் நல்ல வார்த்தை. வித்தியா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்த ஒரு குடும்பத்தைக் கவனிக்கப் போனாள். அவர்களை உட்கார வைத்து, குழந்தைக்கு உயரமான நாற்காலி தேடிக் கொடுத்து, திரும்பிவரக் கால் மணி நேரம் ஆயிற்று.

வந்து பார்த்தபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசை எட்டில் மிஸ்டர் பெர்க். எண்பத்தொரு வயது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தனியாக வருகிறவர். உள்ளே வரும்போது வித்தியாவிடம் "இன்றைக்கு எல்லாம் சரிதானே?" என்று கேட்பார். "எல்லாம் சரி" என்று அவள் சொன்ன பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவார். இந்த நகரத்தில் எந்தப் பாக்கெட்டின் பின்புறத்தையும் வாசிக்காமல், யாரிடமும் எதையும் விசாரிக்காமல் சாப்பிடக் கூடிய ஒரே இடம் இதுதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவரும் யோகராணியை நோக்கிப் பாதி திரும்பியிருந்தார். மூக்கு நுனி சிவந்து, கண்ணில் தண்ணீர்.

"டேக், டேக்," என்றாள் யோகராணி. "ஸ்லோலி. வெரி ஹாட்."

அவர் வித்தியாவைக் கண்டதும் ஆங்கிலத்தில் சொன்னார். "இந்தப் புதுச் சட்னியை ஏன் எனக்கு யாரும் தரவில்லை? ஆறு வருடத்தில் முதல் தடவையாக இங்கே ருசியாக ஒன்று சாப்பிடுகிறேன். சமையலறையில் யாராக இருந்தாலும் என் வாழ்த்தைச் சொல்லு."

அவருடைய மீனுக்குப் பக்கத்தில் வெண்ணெய் வைக்கிற சின்ன வெள்ளைக் கிண்ணம் இருந்தது. உணவகத்தின் கிண்ணம். அதன் அடியில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

வித்தியா தாயின் மடியைப் பார்த்தாள். திறந்திருந்த கைப்பைக்குள் ஒரு ஜாம் போத்தல்.

"அம்மா, இது என்ன?"

"சம்பல். உனக்கெண்டு கொண்டு வந்தது. இந்த மீனைத் திங்க ஏலாமக் கிடந்துது, இந்தக் கிண்ணத்தில கொஞ்சம் கொட்டினன். மணம் போய் அந்த ஐயாவும் என்னெண்டு கேட்டார். குடுக்காம இருக்கிறதே?" யோகராணியின் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்."

"அதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி? தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம், புளி. உனக்குப் பிடிக்குமெண்டு கூனி வறுத்து இடிச்சுப் போட்டனான். பயப்பிடாதை, இறைச்சி ஒண்டும் இல்லை. பிரதாபன் சொன்னபடியா நான் கவனம்."

கூனி என்றால் காய்ந்த பொடி இறால்.

யோகராணி சமைத்துப் பழகிய உலகத்தில் இரண்டு பக்கம்தான் உண்டு. ஒன்று சைவம், மற்றது மச்சம். மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாம் மச்சம். மீனைத் தின்கிறவன் இறாலைத் தின்ன மாட்டான் என்று ஒரு சட்டம் இருக்க முடியும் என்பது அவளுக்குத் தோன்றியே இருக்காது. ஆனால் டோவினுடைய கோடு மீனுக்கும் இறாலுக்கும் நடுவே போகிறது. நீந்தச் செட்டையும் உடம்பில் செதிலும் உள்ளது இந்தப் பக்கம். மற்றதெல்லாம் அந்தப் பக்கம். மிஸ்டர் பெர்க் எண்பத்தொரு வருடமாகத் தாண்டாத கோடு அது.

வித்தியா இரண்டு மேசைத் தட்டுகளையும் கிண்ணத்தையும் கரண்டிகளையும் தானே எடுத்தாள். எச்சில் கோப்பை. யோகராணி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணா, ஒருக்கா வாங்கோ."

பின்பக்க நடையில், கழுவுகிற இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அவனைப் பிடித்தாள்.

"வெளிச்சாப்பாடு ஒண்டும் கொண்டு வரக் கூடாது எண்டு அம்மாட்டச் சொல்லச் சொன்னனான்."

"சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னா வந்திருப்பாவோ? 'என்ர கையால செய்தது அங்க தீட்டோ' எண்டு கேட்டுப் படுத்திருப்பா." பிரதாபன் கழுத்தைத் துடைத்தான். "என்ன இப்ப? சம்பல்தானே."

இறாலைப் பற்றி அவள் சொன்னாள். அவன் அவள் கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தான்.

"சரி. இதுகளைக் குப்பையில போடு. மெசினுக்குள்ள போகேல்லை. கிச்சினுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. முடிஞ்சுது."

"அவர் சாப்பிட்டிட்டார் அண்ணா."

"தெரியாமத்தானே சாப்பிட்டவர். தெரியாமச் சாப்பிட்டா எந்தச் சாமியும் கோவிக்காது."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா அதோட நிக்கட்டுமே. ஊருக்கெல்லாம் தெரிய வேணுமோ?" அவன் குரல் உயர்ந்து, பிறகு அவனே தாழ்த்திக்கொண்டான். "வித்தியா, காரில வரேக்க அம்மா என்ன சொன்னவ தெரியுமே? அடுத்த ஞாயிறு உன்னை வீட்டை வரச் சொல்லப் போறாவாம். கணவாய்க் கறி வைக்கப் போறாவாம். அவவா வாய் திறந்து சொன்னது. நீ இப்ப அந்த மனுசனிட்டப் போய்ச் சொன்னா, சம்பல் குடுத்தது ஆரெண்டு வரும். அம்மாவை இத்தினை பேருக்கு முன்னால வைச்சு… பொங்கலண்டு செய்த வேலையைத் திரும்பவும் செய்யப் போறியோ?"

அவள் பின்கதவைத் திறந்து, தட்டுகளை வெளியே இருந்த தொட்டிக்குள் போட்டாள். பீங்கான் உடைகிற சத்தம் கேட்டது. மூடியைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

கட்டிடத்தின் ஓரமாகத் தெரிந்த கடல் வற்றிக் கிடந்தது. ஈர மணலில் ஒருவன் நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தான். நாய் ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து கொடுத்தது.

பொங்கலன்று அவள் பேசியது உண்மைதான். ஆனால் உண்மைக்காகப் பேசினாளா? இந்தப் பத்து மாதத்தில் ஒரு நாளாவது அவள் இதைத் தன்னிடம் நேராகக் கேட்டதில்லை. அன்றைக்கு அவளுக்கு ராகேஷின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் அம்மா சீதா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கு அந்தக் கோபம் இல்லை. யார் மீதும் இல்லை. சும்மா விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த ஞாயிறு பபகூராவில் கணவாய்க் கறி.

அதற்கு முன்னால், அதே ஞாயிறு மத்தியானம், மிஸ்டர் பெர்க் வருவார். வாசலில் நின்று, இன்றைக்கு எல்லாம் சரிதானே என்று கேட்பார். எல்லாம் சரி என்று அவள் சொல்ல வேண்டும். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் தொப்பியைக் கழற்றும்வரை அந்த முகத்தோடு நிற்க வேண்டும்.

டை கட்டிக்கொண்டு போய் மாலில் உட்கார்ந்தவனுக்கும் காலைகள் இப்படித்தான் விடிந்திருக்கும்.

அவள் உள்ளே போனாள். பிரதாபன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றான். அவள் நிற்கவில்லை.

மிஸ்டர் பெர்க்கை வெளி மரத்தளத்துக்கு வரச் சொன்னாள். அவர் வாய் துடைக்கும் துணியோடு எழுந்து வந்தார், ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தவர் போல. அவள் சுற்றி வளைக்கவில்லை. நாலு வாக்கியத்தில் சொன்னாள். அது உணவகத்துச் சட்னி இல்லை, வெளியிலிருந்து வந்தது, அதில் இறால் இருந்தது, என் தவறு.

அவர் கடலைப் பார்த்தார். கையை நீட்டித் தளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மூன்று தடவை எடுத்தேன்," என்றார்.

"தெரியும்."

"கொடுத்த அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் என் தாய்."

அவர் துணியால் உதட்டைத் துடைத்தார். உதடு சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

"நீ சரியானதைத்தான் செய்தாய்," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வித்தியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆனால் இனி நான் எங்கே போய்ச் சாப்பிடுவது?"

அவர் உள்ளே போய்த் தொப்பியை எடுத்தார். யோகராணியின் மேசைப் பக்கம் ஒரு கணம் நின்று, தலையைத் தாழ்த்தி, "தாங்க் யூ, மேடம்" என்றார். பாதி குடித்த காப்பியை விட்டுவிட்டு வெளியே போனார்.

"என்ன, போயிட்டார்?" என்றாள் யோகராணி. "கேக் வருமெண்டு சொன்னவரே."

அதற்குள் வித்தியா டோவிடம் போயிருந்தாள். அவன் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அவரிடம் போகுமுன் என்னிடம் ஏன் வரவில்லை?" பிறகு நீலக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு கூடத்துக்கு வந்தான். அவன் மரியாதை தெரிந்தவன். யோகராணிக்கு முன்னால் குனிந்து, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மேசை விரிப்பின் நாலு மூலைகளையும் கூட்டிப் பிடித்தான். உப்பு, மிளகு, தண்ணீர்க் கோப்பை, பூச்சாடி எல்லாம் அதற்குள் சரிந்தன. போத்தலையும் கேட்டான்.

யோகராணி அந்தக் கையுறைகளைப் பார்த்தாள். சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு அடங்கியிருந்தது.

"என்ன பிள்ளை இது? நஞ்சு எடுக்கிற மாதிரி எடுக்கிறான்."

வித்தியா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். இப்போது முழுவதும் சொன்னாள், செட்டை, செதில், இறால், அந்த மனிதரின் எண்பத்தொரு வருடம். யோகராணி போத்தலை எடுத்து டோவிடம் கொடுத்தாள். மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் விடேல்லை."

"ஓம். அதுவும் என்ர குற்றம்தான்."

"குற்றம் எண்டு நான் சொல்லேல்லை அம்மா."

"அந்த மனுசன் எவ்வளவு ஆசையாச் சாப்பிட்டது. அதுக்குப் பின்னால போய், நீ திண்டது பாவம் எண்டு சொல்லிப்போட்டு வாறாய்."

"சொல்லாமல் விட ஏலாது."

"ஏலும்." யோகராணி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஏலும் பிள்ளை. நான் எத்தினையை விட்டிருக்கிறன்."

பிரதாபன் காரை முன்னால் கொண்டுவந்தான். வித்தியா கதவைத் திறந்துவிட்டாள். யோகராணி உள்ளே ஏறி, பெல்ட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தப் போன வித்தியாவின் கையை அவளே தடுத்தாள்.

"உன்ர அப்பாவைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லத்தான் இண்டைக்கு வெளிக்கிட்டு வந்தனான்."

அப்பா இறந்து நாலு வருடம். அந்தப் பேச்சை அம்மா எடுத்து அவள் கேட்டதே இல்லை.

"என்ன அம்மா?"

"முப்பது வருசம் ஆருக்கும் சொல்லாதது. சாகும்வரை அந்த மனுசனுக்கும் சொல்லேல்லை. பிரதாபனுக்கும் தெரியாது. உனக்குத் தெரிய வேணுமெண்டு நினைச்சன்." அவள் நேரே, கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இனிச் சொல்ல மாட்டன். நீ அதை உனக்குள்ள வைச்சிருக்க மாட்டாய்."

"அம்மா, நான்…"

"கதவைச் சாத்து. வெயில் அடிக்குது."

முன் இருக்கையில் பிரதாபன் தாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவனுக்கும் அப்பாதான் அவர்.

"காரை எடு," என்றாள் யோகராணி.

கார் தமாக்கி டிரைவில் ஏறி, நடைபாதையில் ஐஸ்கிரீமுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டி, வளைவில் மறைந்தது. வித்தியா அது போன திசையிலேயே நின்றாள். கூப்பிட்டால் அண்ணன் போனை எடுக்க மாட்டான். அம்மாவோ சாகும்வரை வாய் திறக்க மாட்டாள். அப்படித் திறக்காமல் முப்பது வருடம் இருக்க முடிந்தவள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ," என்றது பின்னால் ஒரு குரல். இளம் சோடி ஒன்று. "இரண்டு பேர். பதிவு செய்யவில்லை. கடலைப் பார்த்த மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

வித்தியா முகத்தைத் திருப்பினாள். கண்ணாடிக்கு உள்ளே ஏழாம் மேசையில் ஒருத்தி புது விரிப்பைப் போட்டு, கையால் நீவிக்கொண்டிருந்தாள். எட்டாம் மேசையில் ஆறிப்போன காப்பி அப்படியே இருந்தது.

"கிடைக்கும்," என்றாள். "ஜன்னலோரம் இரண்டு மேசை காலியாக இருக்கிறது."